உடலின் சொந்த எதிர்ப்பொருள் தோலில் கொப்புளம் உண்டாக்குவது எப்படி? பெம்பிகஸ், பெம்பிகாய்டு நோய்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிர்ப்பொருள் உடலைக் காப்பதற்காக இருப்பது என்றுதானே படித்தோம்? அது கொப்புளத்தை ஏன் உண்டாக்க வேண்டும்?

படித்தது சரிதான். கிருமி ஒன்று நுழையும்போது, அதன் மேற்பரப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்கள் உருவாக்குகின்றன. குறி தவறாமைதான் அதன் பலம். உடலின் சொந்தப் புரதத்தையே குறியாகக் கொள்ளும் பி செல்கள் முதிர்ச்சி அடையுமுன் பெரும்பாலும் களையெடுக்கப்பட்டுவிடும். களையெடுப்புக்குத் தப்பியவை என்றோ ஒருநாள் தூண்டப்பட்டுப் பெருகினால், தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள், அதாவது தன்னெதிர்ப்பொருள், இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அது எங்கே போய் ஒட்டுகிறதோ அங்கே நோய். தோல் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் புரதத்தில் ஒட்டினால் அந்தப் பிணைப்பு விட்டுப்போய், விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளம் எழுகிறது. இந்த நோய்களில் மருத்துவர் பார்க்கும் ஒவ்வொரு அடையாளமும், அதாவது கொப்புளம் எளிதில் உடைகிறதா, வாயில் புண் உண்டா, அரிப்பு உண்டா என்பனவெல்லாம், எதிர்ப்பொருள் எந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது என்ற ஒரே செய்தியின் வெவ்வேறு வெளிப்பாடுகள்தான்.

தோல் செல்களைப் பிணைத்து வைத்திருப்பது எது?

தோலின் மேலடுக்கான மேல்தோல், பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. அதற்குள் செல்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஒரு செல்லை அடுத்த செல்லோடு இணைக்கும் பொத்தான் போன்ற அமைப்புக்கு டெஸ்மோசோம் என்று பெயர். அதில் செல்லுக்கு வெளியே நீண்டு, எதிரேயுள்ள செல்லிலிருந்து வரும் தன் இணையைக் கைகோத்துப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில் முக்கியமானவை டெஸ்மோகிளின் 1, டெஸ்மோகிளின் 3 ஆகியவை.

மேல்தோலின் அடிவரிசைச் செல்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவை தமக்குக் கீழேயுள்ள அடித்தளச் சவ்வைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிப்பு ஹெமிடெஸ்மோசோம் எனப்படும் வேறோர் அமைப்பால் நடக்கிறது. அதிலுள்ள முக்கியப் புரதங்கள் பிபி180, பிபி230 என்பவை; இவற்றுள் பிபி180 கொலாஜன் குடும்பத்தைச் சேர்ந்தது, 17ஆம் வகைக் கொலாஜன் என்றும் அதைச் சொல்வார்கள். சுவர்க் கட்டுமானத்தோடு ஒப்பிட்டால், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து டெஸ்மோசோம். சுவரை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் கம்பி ஹெமிடெஸ்மோசோம். சாந்து விட்டால் வருவது பெம்பிகஸ். கம்பி விட்டால் வருவது பெம்பிகாய்டு.

பெம்பிகஸ் நோயில் செல்களுக்கிடையே என்ன நடக்கிறது?

இம்யூனோகுளோபுலின் ஜி என்ற வகையைச் சேர்ந்த எதிர்ப்பொருள் டெஸ்மோகிளினில் ஒட்டுகிறது. டெஸ்மோகிளின் ஐந்து கண்ணிகளைக் கோத்த சங்கிலி போன்றது. எதிரேயுள்ள செல்லின் டெஸ்மோகிளினைப் பற்றிக்கொள்வது அதன் நுனிக் கண்ணிதான். எதிர்ப்பொருள் அந்த நுனிப் பகுதியில் உட்கார்ந்துவிட்டால் கைகோத்தல் தடைபடுகிறது. அதோடு நிற்பதில்லை: எதிர்ப்பொருள் ஒட்டிய டெஸ்மோகிளினைச் செல் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகிறது, செல்லுக்குள் சில சமிக்ஞைப் பாதைகள் தூண்டப்பட்டு, செல்லின் உட்சட்டகமாகிய கெரட்டின் இழைகள் ஓரங்களிலிருந்து பின்வாங்குகின்றன. நேரடித் தடை, இந்தச் சமிக்ஞைகள் ஆகிய இரண்டில் எதன் பங்கு பெரிது என்று ஆய்வாளர்கள் நீண்ட நாள்களாக வாதாடி வருகிறார்கள். இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இதில் அழற்சி செல்களின் துணை தேவைப்படுவதில்லை என்பது. எதிர்ப்பொருளின் வால் பகுதியை வெட்டிவிட்டு, ஒட்டும் நுனியை மட்டும் எலிக்குட்டிக்குச் செலுத்தினாலும் கொப்புளம் வருகிறது. பிரிந்த செல்கள் ஒன்றையொன்று விட்டு உருண்டு மிதப்பதை நுண்ணோக்கியில் காணலாம். பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற வகையில் அடிவரிசைச் செல்கள் மட்டும் ஹெமிடெஸ்மோசோம் பிடிப்பால் கீழே நிலைத்து நிற்க, மேலேயுள்ளவை கழன்றுவிடுகின்றன. பாடநூல்கள் இந்தக் காட்சியைக் கல்லறைக் கற்களின் வரிசை என்று வருணிக்கும். நடுகற்களின் வரிசை என்றால் நமக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

சிலருக்கு வாயில் மட்டும் புண் வருகிறது, சிலருக்கு உடலில் மட்டும் கொப்புளம் வருகிறது. எதிர்ப்பொருள் இரத்தத்தில் எங்கும்தானே ஓடுகிறது?

இந்நோயைப் பற்றிய கேள்விகளிலேயே அழகானது இதுதான், விடையும் அழகானது. டெஸ்மோகிளின் 1, 3 இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகச் செயல்படக்கூடியவை. ஒன்று முடங்கினாலும் அதே இடத்தில் மற்றொன்று போதுமான அளவு இருந்தால் செல்கள் பிரிவதில்லை. ஆனால் அவை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. தோலில் டெஸ்மோகிளின் 1 எல்லா அடுக்குகளிலும் உண்டு, மேலே போகப் போக மிகுதி. டெஸ்மோகிளின் 3 அடியடுக்குகளில் மட்டுமே உண்டு. வாயின் உட்சவ்விலோ டெஸ்மோகிளின் 3 எல்லா அடுக்குகளிலும் நிறைந்திருக்கிறது, டெஸ்மோகிளின் 1 குறைவு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரிடம் டெஸ்மோகிளின் 3-க்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால், தோலை டெஸ்மோகிளின் 1 காப்பாற்றிவிடும். வாயில் காப்பாற்ற ஆள் இல்லை. எனவே வாயில் மட்டும் ஆறாத புண். டெஸ்மோகிளின் 1-க்கு எதிரானது மட்டும் இருந்தால், வாயை டெஸ்மோகிளின் 3 காக்கும், தோலின் அடியடுக்கையும் அதுவே காக்கும். தோலின் மேலடுக்கு மட்டும் பிரியும். இதுதான் பெம்பிகஸ் ஃபோலியேசியஸ். இதில் கொப்புளம் மிக மேலோட்டமானது என்பதால் முழுக் கொப்புளத்தைப் பார்ப்பதே அரிது, செதிலும் பொருக்குமே கண்ணில் படும். இரண்டுக்கும் எதிராக எதிர்ப்பொருள் இருந்தால் வாயும் தோலும் சேர்ந்து பாதிக்கப்படும். 1999-இல் மஹோனி, அமகாய், ஸ்டான்லி முதலியோர் எலிகளைக் கொண்டு இதை நிறுவிக் காட்டினார்கள். விதிவிலக்கான நோயாளிகள் உண்டு. ஆனாலும் நோய்த்தோற்றத்தை இவ்வளவு எளிய கணக்கால் விளக்கக்கூடிய தன்னுடல் தாக்கு நோய் வேறொன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

பெம்பிகாய்டு இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பெயர் ஒலியால் ஏமாற வேண்டாம். 1953 வரை இரண்டும் ஒரே நோயாகவே பெரும்பாலும் கருதப்பட்டன. வால்டர் லீவர் என்ற தோல்நோய் அறிஞர்தான் திசுச் சோதனையின் அடிப்படையில் புல்லஸ் பெம்பிகாய்டைத் தனி நோயாகப் பிரித்தார். இது பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருவது. எதிர்ப்பொருளின் முகவரி பிபி180, குறிப்பாகச் செல்லின் சவ்வையொட்டி வெளியே அமைந்துள்ள அதன் சிறு பகுதி.

இங்கே எதிர்ப்பொருள் தனியாளாக வேலையை முடிப்பதில்லை, ஆளனுப்பி முடிக்கிறது. அது அடித்தளச் சவ்வோரம் ஒட்டியதும் காம்ப்ளிமெண்ட் எனப்படும் இரத்தப் புரதத் தொடர் தூண்டப்படுகிறது. தோலில் காவலிருக்கும் மாஸ்ட் செல்கள், அரிப்பையும் அழற்சியையும் தூண்டும் பொருள்கள் நிறைந்த தம் துகள்களைக் கொட்டுகின்றன. அந்த அழைப்புக்கு நியூட்ரோஃபில், ஈசினோஃபில் ஆகிய வெள்ளையணுக்கள் திரண்டு வந்து, எலாஸ்டேஸ் போன்ற நொதிகளை வெளியிட்டு, பிபி180-ஐயே வெட்டித் துண்டாக்குகின்றன. மேல்தோல் முழுவதும் ஒரே தாளாக அடித்தளத்திலிருந்து தூக்கப்படுகிறது. காம்ப்ளிமெண்ட் தொடரில் 5ஆம் புரதம் இல்லாத எலிகளுக்கு இதே எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது கொப்புளம் வரவில்லை. மாஸ்ட் செல்களும் ஈசினோஃபில்களும் கலந்திருப்பதால்தான் பெம்பிகாய்டில் அரிப்பு அவ்வளவு கடுமையாக இருக்கிறது. கொப்புளம் எழுவதற்கு வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன்பே, தோலில் பெரிதாக எதுவும் தெரியாத நிலையில், முதியவர் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருப்பார். வீட்டில் அதை வறண்ட தோல் என்றோ சொறி என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

மருத்துவர் கொப்புளத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள நல்ல தோலைத் தேய்த்துப் பார்த்தாரே, ஏன்?

அதற்கு நிக்கோல்ஸ்கி அடையாளம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்ய மருத்துவர் பியோத்தர் நிக்கோல்ஸ்கி கண்டறிந்தது. பெம்பிகஸில் பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலும் செல்களின் பிடி ஏற்கெனவே தளர்ந்திருப்பதால், விரலால் அழுத்தி நகர்த்தினால் மேலடுக்கு வழுக்கிப் பிரியும். பெம்பிகாய்டில் பொதுவாக அப்படி நடக்காது. கொப்புளத்தின் கூரையும் இதே கதையைச் சொல்லும். பெம்பிகஸ் கொப்புளத்தின் கூரை மேல்தோலின் ஒரு பகுதி மட்டுமே என்பதால் அது தொளதொளவென்று இருந்து, சட்டை உரசினாலே உடைந்து பச்சைப் புண்ணாகிவிடும். பெம்பிகாய்டு கொப்புளத்துக்கு மேல்தோல் முழுவதும் கூரையாக இருப்பதால், அது விறைப்பாக, சில நாள்கள் உடையாமலே நிற்கும்.

எதிர்ப்பொருள்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? அது நோயின் விளைவாகவும் இருக்கலாமே?

நியாயமான ஐயம். 1964-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் பியூட்னரும் ராபர்ட் ஜோர்டனும், பெம்பிகஸ் நோயாளிகளின் இரத்தநீரில் மேல்தோல் செல்களின் இடைவெளியில் ஒட்டும் எதிர்ப்பொருள் இருப்பதை ஒளிரும் சாயத்தின் துணையால் கண்டார்கள். தீக்காயம் பட்டவர்களிடமும் தோல் புரதங்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் தோன்றலாம் என்பதால், இது விளைவாக இருக்கலாம் என்ற மறுப்பு அப்போதே எழுந்தது. 1982-இல் அன்ஹால்ட் குழுவினர் நோயாளிகளின் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தினார்கள். சில நாள்களுக்குள் அவற்றின் தோலில் மனித நோயைப் போன்றே செல்கள் பிரிந்து கொப்புளம் எழுந்தது. 1991-இல் அமகாயும் ஸ்டான்லியும் சக ஆய்வாளரோடு சேர்ந்து, பெம்பிகஸ் வல்காரிஸின் குறிப்புரதத்துக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, அது செல் ஒட்டும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. டெஸ்மோகிளின் 3 என்பது அதுதான்.

என் பார்வையில் மிக வலுவான சான்று எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. குழந்தைகளுக்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியால் வரும் கொப்புளச் சிரங்கில், கொப்புளம் எழும் ஆழம் பெம்பிகஸ் ஃபோலியேசியஸின் ஆழமேதான். அந்தக் கிருமியின் நச்சு டெஸ்மோகிளின் 1-ஐத் துல்லியமாக வெட்டுகிறது என்று 2000-இல் அமகாய் குழு காட்டியது. எதிர்ப்பொருளே இல்லாமல், அதே புரதத்தை வேறொரு கத்தியால் வெட்டினாலும் அதே கொப்புளம்.

இது அக்கியா? தொற்றுமா?

தொற்றாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கொப்புள நீர் மேலே பட்டாலும் அடுத்தவருக்கு வராது. அக்கி என்பது சின்னம்மை வைரஸ் நரம்பில் பல்லாண்டு தங்கியிருந்து மீண்டும் கிளம்புவது; அது உடலின் ஒரு பக்கத்தில், ஒரு நரம்பின் பாதையில் பட்டையாக எரிச்சலோடு வந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். நம் ஊர்களில் அக்கிக்குக் காவி மண்ணைக் குழைத்து எழுதும் வழக்கம் உண்டு. தானாக அடங்கும் நோய் என்பதால் எழுதியதால் அடங்கியது என்று தோன்றும். பெம்பிகஸ் தானாக அடங்குவது அரிது. இரு பக்கமும் பரவும் கொப்புளத்துக்கோ, ஒரு மாதமாகியும் ஆறாத வாய்ப்புண்ணுக்கோ அக்கி எழுதிக்கொண்டு காத்திருப்பதில் போகும் நாள்கள் விலைமதிப்பற்றவை.

நோயை உறுதிசெய்யும் திசுச் சோதனைக்கு ஏன் இரண்டு இடத்தில் தோல் எடுக்கிறார்கள்?

இரண்டு துண்டுகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. முதல் துண்டு புதிய கொப்புளத்தின் ஓரத்திலிருந்து எடுக்கப்பட்டு ஃபார்மலினில் போடப்படும். பிளவு எந்த ஆழத்தில் என்பதை அது காட்டும். இரண்டாவது துண்டு கொப்புளத்துக்கு அருகேயுள்ள, பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலிருந்து எடுக்கப்படும். அதில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவதே நோக்கம். கொப்புளத்திலிருந்தே எடுத்தால் அழற்சியில் எதிர்ப்பொருள் சிதைந்து, இல்லை என்று தவறான முடிவு வரலாம். இந்த இரண்டாவது துண்டை ஃபார்மலினில் போட்டுவிட்டால் சோதனையே வீண். அதற்கென்று மைக்கேல் திரவம் என்ற தனிக் கரைசல் உண்டு. அது கிடைக்காத இடத்தில் சாதாரண உப்புநீரில் வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வெளியூர் ஆய்வகத்துக்குத் துண்டை நீங்களே எடுத்துச் செல்ல நேர்ந்தால், புட்டியில் என்ன திரவம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

ஆய்வகத்தில் பச்சையாக ஒளிரும் சாயம் பூட்டிய வேறோர் எதிர்ப்பொருளை அந்தத் துண்டின்மேல் ஊற்றி, கழுவி, இருட்டறையில் நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள். பெம்பிகஸ் என்றால் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒளி படர்ந்து, மீன்வலையை விரித்ததுபோல் தெரியும். பெம்பிகாய்டு என்றால் மேல்தோலின் அடியில் ஒரே கோடு. அதே கோடு, 7ஆம் வகைக் கொலாஜனைக் குறிவைக்கும் வேறொரு நோயிலும் வரும் என்பதால், தோலை அடர்ந்த உப்புக் கரைசலில் ஊறவைத்துச் செயற்கையாகப் பிளந்து பார்ப்பதும் உண்டு: பிளவின் கூரையில் ஒளிர்ந்தால் பெம்பிகாய்டு, தரையில் ஒளிர்ந்தால் பெரும்பாலும் அந்த மற்ற நோய்.

எனக்கு மட்டும் ஏன் இந்த எதிர்ப்பொருள் உருவானது?

தனி ஒருவருக்கு ஏன் வந்தது என்று சுட்டிச் சொல்ல பெரும்பாலும் இயலாது. திசுப் பொருத்த மரபணுக்களில் சில வகைகள் உள்ளவர்களுக்குப் பெம்பிகஸ் வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் அவை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. பெனிசிலமின், கேப்டோப்ரில் போன்ற மருந்துகள் சிலரிடம் பெம்பிகஸைத் தூண்டியுள்ளன. பெம்பிகாய்டைப் பொறுத்தவரை நாம் அறிந்திருக்க வேண்டியது சர்க்கரை நோய்க்குத் தரப்படும் கிளிப்டின் வகை மாத்திரைகள், குறிப்பாக வில்டாகிளிப்டின். இவற்றை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடச் சாப்பிட்ட பிறகு நோய் தொடங்கலாம் என்பதால் யாருக்கும் மாத்திரைமேல் சந்தேகம் எழுவதில்லை. தோல் மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சுற்றுச்சூழலின் பங்கைக் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு பிரேசிலில் உள்ளது. அங்கே ஆற்றோரக் கிராமப்புறங்களில், எரிச்சலின் கடுமையால் காட்டுத்தீ என்று பொருள்படும் பெயரால் வழங்கும் பெம்பிகஸ் ஃபோலியேசியஸ், உள்ளூர் நோயாகவே நிலவுகிறது. அப்பகுதியில் நலமாக இருப்பவர்களில் பலரிடமும் டெஸ்மோகிளின் 1-க்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டு. ஆனால் அது சங்கிலியின் அடிக்கண்ணியில், செல்லின் பக்கமாக ஒட்டுகிறது. அங்கே ஒட்டினால் தீங்கு இல்லை. நுனிக் கண்ணிகளுக்குக் குறி நகர்ந்தவர்களுக்கே நோய். மணல் ஈயின் உமிழ்நீரிலுள்ள ஒரு புரதத்துக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள் டெஸ்மோகிளின் 1-லும் ஒட்டுவது கண்டறியப்பட்டிருப்பதால், பூச்சிக்கடியே தொடக்கம் என்ற கருத்து வலுப்பெற்றிருக்கிறது.

பத்தியம் இருக்க வேண்டுமா?

எதிர்ப்பொருளைக் குறைக்கும் பத்தியம் என்று பெம்பிகஸுக்கோ பெம்பிகாய்டுக்கோ எதுவும் நிரூபிக்கப்படவில்லை. வாய்ப்புண் இருக்கும்வரை காரம், கொதிக்கும் சூடு, முறுக்கு தட்டை போன்ற கரகரப்பானவை புண்ணைக் கிழிக்கும் என்பதால் தவிர்ப்பது நல்லது. மோர் சாதமும் குழைந்த இட்லியும் போதும். உணவுக்கும் எதிர்ப்பொருளுக்கும் நேரடித் தொடர்புள்ள கொப்புள நோய் ஒன்றே ஒன்று உண்டு: டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். இது கோதுமையிலுள்ள குளூட்டனோடு தொடர்புடையது. இதில் எதிர்ப்பொருள் இம்யூனோகுளோபுலின் ஏ வகை. கோதுமையை விடுவதும், தொழுநோய்க்குத் தரும் அதே டாப்சோன் மாத்திரையும் இதற்குப் பயன்தரும்.

சிகிச்சை தொடங்கியும் ஏன் உடனே நிற்கவில்லை?

எதிர்ப்பொருள் உற்பத்தியை இன்றே முழுவதும் நிறுத்திவிட்டாலும், ஏற்கெனவே இரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறையவே ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். ஸ்டீராய்டு தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் புதிய கொப்புளங்கள் குறைவதும், பழைய புண்கள் ஆறுவதற்கு அதற்கும் மேலான காலம் ஆவதும் இயல்பு. 1950களில் ஸ்டீராய்டு வருமுன் பெம்பிகஸ் வல்காரிஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தார்கள் என்பதை நினைத்தால், ஸ்டீராய்டைப் பற்றிய அச்சத்தைச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்க்க முடியும்.

இந்தியாவில் 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பஸ்ரிச்சா வகுத்த முறை நெடுங்காலம் பயன்பட்டது: 28 நாளுக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள் 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அவற்றுள் ஒரு நாள் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மில்லிகிராமும் சேர்த்து, சொட்டுமருந்தாக ஏற்றுவது, இடைப்பட்ட நாள்களில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாத்திரை. இப்போது முன்னணியில் உள்ளது ரிட்டுக்சிமாப். அது எதிர்ப்பொருளைத் துரத்துவதில்லை. எதிர்ப்பொருளை உருவாக்கும் வழியிலுள்ள பி செல்களை அழிக்கிறது. 2017-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், குறைந்த ஸ்டீராய்டோடு இதையும் பெற்றவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டாண்டு முடிவில் மருந்தே இல்லாமல் நோயின்றி இருந்தனர். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் அது 34 விழுக்காடு. இதை ஏற்றுமுன் ஹெபடைட்டிஸ் பி, காசநோய் ஆகியவை மறைந்திருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். பெம்பிகாய்டுக்கு, வலிமையான ஸ்டீராய்டுக் களிம்பை உடல் முழுவதும் பூசுவதே முதியவர்களுக்கு மாத்திரையைவிடப் பாதுகாப்பானது என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டில் பூசிவிட ஒருவர் இருக்க வேண்டும் என்பதே அதிலுள்ள சிரமம்.

மருந்து வேலை செய்யும்வரை ஆபத்து புண்ணின் வழியாக நுழையும் கிருமியால்தான். படுக்கை விரிப்பு புண்ணில் ஒட்டிப் பிய்வதைத் தவிர்க்க, நம் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளியைக் கிருமிநீக்கிய வாழையிலையில் படுக்கவைக்கிறார்கள். இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும், விலையும் குறைவு.

எனக்குப் பெம்பிகஸ் உள்ளது, கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தைக்கும் வருமா?

இம்யூனோகுளோபுலின் ஜி வகை எதிர்ப்பொருள் நச்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகும். குழந்தைக்கு முதல் மாதங்களில் நோய்த் தடுப்பைத் தருவதே அதுதான். தாயிடம் பெம்பிகஸ் வல்காரிஸ் இருந்தால் அந்த எதிர்ப்பொருளும் கூடவே போய், குழந்தை சில கொப்புளங்களோடு பிறக்கலாம். தாய்க்கு உள்ளது பெம்பிகஸ் ஃபோலியேசியஸ் என்றால் குழந்தைக்கு வருவது மிக அரிது. பச்சிளங்குழந்தையின் தோலில் டெஸ்மோகிளின் 3, பெரியவர்களின் வாயில் இருப்பதுபோல எல்லா அடுக்குகளிலும் பரவியிருந்து காத்துவிடுகிறது. கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் சொல்லி மருந்துகளை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்றவை கருவுக்கு ஆகாதவை. குழந்தையின் பி செல்கள் இந்த எதிர்ப்பொருளை உருவாக்குவதில்லை. தாயிடமிருந்து வந்தது தீரத் தீர, சில வாரங்களில் கொப்புளங்கள் ஆறிவிடுகின்றன, மறுபடி வருவதில்லை.